ஒரு துளி நல்லெண்ணெய்

போத்தலைப் பையிலிருந்து எடுக்கும்போதே சண்முகவடிவைக் கூச்சம் பிடுங்கித் தின்றது. முன்பு பழரசம் இருந்த போத்தல். அதைக் கறுப்புப் பொலித்தீனில் சுற்றி, அதற்கு மேல் ஒரு துண்டைச் சுற்றி, றொசல்லயிலிருந்து ஹட்டன் வரைக்கும் பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருந்தாள். பக்கத்தில் இருந்த பெண், "என்னக்கா, தேனா?" என்று கேட்டபோது ஆமென்று தலையாட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"மருமகளோடதா தாயி?" என்று கேட்டார் வைத்தியர் ஆண்டியப்பன்.

"ஆமாங்க. காலையில எந்திரிச்சதும் எடுத்தது. நீங்க சொல்லிவிட்ட மாதிரியே."

"என்ன செய்யுது அவளுக்கு?"

"நீர்க்கடுப்புங்க. போகும்போது எரியுதாம். சொட்டுச் சொட்டாத்தான் போகுதாம். இப்ப இடுப்புக்கு மேல வலிக்குதுங்கிறா. சாயங்காலமானா மேல் காயுது."

வைத்தியர் போத்தலைத் திறந்து, ஜன்னலோரம் வெயில் விழுந்த இடத்தில் இருந்த அகலமான கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றினார். நிறம் பார்த்தார். முகர்ந்து பார்த்தார். ஓரத்தில் கட்டியிருந்த நுரையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, நீர் ஆடாமல் அசையாமல் நிற்கட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

சண்முகவடிவுக்கு இந்த வீடும் இந்தக் கிண்ணமும் புதிதல்ல. அவள் கணவர் உயிரோடு இருந்த காலத்தில் கல்லடைப்பு வந்து துடித்தபோது, இதே ஜன்னலோரத்தில்தான் வைத்தியர் அவருடைய நீரில் ஒரு துளி நல்லெண்ணெய் விட்டுப் பார்த்தார். எண்ணெய் பாம்பு மாதிரி நீண்டால் வாதம், மோதிரம் மாதிரி வளைந்தால் பித்தம், முத்து மாதிரி அப்படியே நின்றால் கபம் என்று அவர்தான் சொல்லிக்கொடுத்தார். அன்றைக்கு எண்ணெய் மோதிரமாக வளைந்தது. நெருஞ்சி முள்ளும் சிறுபீளையும் போட்டுக் காய்ச்சிய கஷாயத்தில் அரிசி அரிசியாகக் கல் விழுந்து மனுஷன் எழுந்து நடமாடினார். அன்றிலிருந்து இந்தத் துளியின் பேச்சு அவளுக்குக் கோயில் வாக்கு.

வைத்தியர் ஒரு புல்லின் நுனியை எண்ணெயில் தோய்த்து, கிண்ணத்தின் நடுவில் மெல்ல உதறினார். துளி விழுந்தது. ஒரு நொடி நடுங்கியது. பிறகு பாம்பாகவும் நீளவில்லை, மோதிரமாகவும் வளையவில்லை. பட்டென்று சிதறி, பொட்டுப் பொட்டாகப் பிரிந்து, கிண்ணம் முழுக்கச் சல்லடைக் கண்கள் மாதிரி பரவி நின்றது.

வைத்தியர் இன்னொரு துளி விட்டார். அதுவும் அப்படியே.

"என்னங்க?"

அவர் புல்லைக் கீழே வைத்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "சல்லடையாப் பிரிஞ்சா அசாத்தியம்னு எழுதி வச்சிருக்காங்க தாயி."

"அப்படீன்னா?"

"மருந்துக்கு அடங்காத நோவுன்னு அர்த்தம். ஆனா இதை மட்டும் வச்சு நான் முடிவு சொல்ல மாட்டேன். நாடி பாக்கணும். புள்ளய ஒரு எட்டு நேர்ல கூட்டிட்டு வா. தாமதிக்காத."

அவர் சொன்னதில் பின்பாதி சண்முகவடிவின் காதில் ஏறவே இல்லை. காலிப் போத்தலைத் துண்டில் சுற்றிக்கொண்டு, செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு, அவள் படியிறங்கினாள்.

*

விஜிதரன் அவளுக்கு ஒரே மகன். தேயிலைத் தொழிற்சாலையில் அரைக்கும் அறையில் வேலை. அண்ணன் மகளைக் கட்டி வைக்கலாம் என்று அவள் மனதுக்குள் முடிச்சுப் போட்டு வைத்திருந்த வேளையில், தலவாக்கலை பேக்கரியில் வேலை செய்பவரின் மகள் ஜெயந்தினியை அழைத்து வந்து, "அம்மா, இவதான்" என்று நிறுத்தினான். பெண் சிவப்பு, ஒல்லி, படித்தவள். டவுனில் வீட்டுக்குள்ளேயே குழாய், வீட்டுக்குப் பின்னாலேயே கக்கூஸ் என்று வளர்ந்தவள்.

"டவுன் பொண்ணு. மழையும் அட்டையும் ஒரு சுத்து வந்துச்சுன்னா ஓடிரும் பாரு," என்று லயத்து வரிசை வீட்டில் பக்கத்துக் காம்பரா ஜீவராணியிடம் அவள் அப்போது சொன்னாள்.

ஓடவில்லை. வேலை வேண்டாம் என்று விஜிதரன் எவ்வளவோ சொல்லியும் கேட்காமல், மாமியாரோடு தானும் பெயர் பதிந்து கொழுந்து பறிக்கக் கிளம்பினாள். முதல் நாள் காலையில் அவள் பெரிய கோப்பையில் தேநீர் ஊற்றிக் குடிக்கப் போனபோது சண்முகவடிவு தடுத்தாள்.

"அடியே, அம்புட்டையும் குடிச்சிட்டு மலையில எங்க போவ? மேல ரோட்டு, கீழ மருந்தடிக்கிற ஆம்பளைங்க, நடுவுல கங்காணி. தொண்டையை நனைச்சுக்க, போதும். நாங்கெல்லாம் அப்படித்தான் இம்புட்டு வருசமும்."

அது பொய்யில்லை. மலைக்குப் போகும் பெண்கள் எல்லாருக்கும் தெரிந்த, யாரும் யாருக்கும் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்காத பழக்கம் அது. காலையில் ஒரு வாய். மத்தியானம் ரொட்டி விக்காமல் இருக்க ஒரு வாய். மற்றதெல்லாம் லயத்துக்குத் திரும்பிய பிறகுதான். சிலர் ஆத்திர அவசரத்துக்குச் செடி மறைவில் ஒதுங்குவார்கள். மாமியார் ஒதுங்கியதை ஜெயந்தினி ஒருநாளும் பார்க்கவில்லை. அதனால் அவளும் ஒதுங்கவில்லை. மற்ற பெண்களாவது வெயில் ஏறினால் ஒரு மிடறு குடித்தார்கள். அவள் அந்த ஒரு வாயையும் விட்டாள். டவுன் பொண்ணு என்ற பேரை எப்படியாவது கழுவிவிட வேண்டும் என்று அவளுக்குள் ஒரு வைராக்கியம் இருந்தது. அது சண்முகவடிவுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும், 'பரவால்ல, தாக்குப் பிடிக்கிறாளே' என்று உள்ளுக்குள் ஒரு சின்னச் சந்தோஷம்கூடப் பட்டிருக்கிறாள்.

*

"வைத்தியர் என்ன சொன்னாரு மாமி?"

ஜெயந்தினி சுவரோரம் சாய்ந்து உட்கார்ந்து, இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு கேட்டாள். சண்முகவடிவு அவள் முகத்தைப் பார்க்காமல் அடுப்பை மூட்டினாள்.

"சூடுதான்னாரு. பொல்பலா காய்ச்சிக் குடிக்கச் சொன்னாரு."

"அவ்வளவுதானா? நான் என்னமோ ஏதோன்னு பயந்தேன்."

"பயப்பட என்ன இருக்கு."

புகை என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து வீட்டில் எல்லாம் தலைகீழாக மாறியது. மருமகளுக்கு முட்டை பொரித்துக் கொடுத்தாள். தலைக்கு எண்ணெய் வைத்துச் சிக்கெடுத்தாள். தன்னுடைய கம்பளியை எடுத்து அவள் கால்மேல் போட்டாள். லயத்து வாசல் ஓரத்தில் படர்ந்து கிடந்த பொல்பலா என்னும் சிறுபீளையைப் பிடுங்கி, அலசி, தினமும் இரண்டு வேளை காய்ச்சினாள். சாயங்காலக் கோப்பையை ஜெயந்தினி மறுக்காமல் குடித்தாள். காலைக் கோப்பையை மட்டும் மெல்லத் தள்ளி வைப்பாள்.

"வந்து குடிக்கிறேன் மாமி. இதக் குடிச்சா நிக்காமப் போகும். மலையில எங்க போறது?"

சண்முகவடிவு கோப்பையை மூடி வைத்தாள். அவள் சொன்ன வார்த்தைதானே அது.

தாய் கடைசியில் இறங்கி வந்துவிட்டாள் என்று விஜிதரனுக்குத் தலைகால் புரியவில்லை. ஹட்டனிலிருந்து இரண்டு தம்பிலி இளநீர் வாங்கி வந்து, கத்தியால் சீவி மனைவியிடம் நீட்டிக்கொண்டே, "பாத்தீங்களாம்மா, நான் அப்பவே சொன்னேன்ல? இவ கூட ஒரு மாசம் இருந்தா நீங்களே இவளைத் தூக்கி வச்சிக்குவீங்கன்னு," என்றான்.

"சும்மா இருங்க," என்று ஜெயந்தினி அவன் முழங்கையில் இடித்தாள்.

அவர்கள் இருவரும் சிரித்தார்கள். சண்முகவடிவு வெளியே வந்து, பிலா மரத்தடியில் தனியாக நின்றாள். இவனுக்கு எப்படிச் சொல்வது? கூட்டிக்கொண்டு போய் நாடி பார்த்தால் மட்டும் என்ன? அங்கேயும் அதையேதான் சொல்வார். ஆஸ்பத்திரிக்குப் போனால் கட்டிலில் படுக்க வைத்து, குழாயைச் சொருகி, கடைசியில் வெள்ளைத் துணியில்தான் அனுப்புவார்கள். இருக்கிற நாளைக்காவது அவள் இவனோடு சிரித்துக்கொண்டு இருக்கட்டும். ஓடிருவா என்று அன்றைக்கு என் வாய்தானே சொன்னது? எந்த நேரத்தில் சொன்னேனோ, இப்படிப் பலிக்கிறதே.

மலையில் ஜீவராணி விடவில்லை. "என்ன வடிவக்கா, மருமகள உள்ளங்கையில வச்சுத் தாங்குறீங்களாம்? முழுகாம இருக்காளா?"

"வேலையப் பாருடி."

"எங்கிட்ட மறைக்காதீங்கக்கா. நாலு மாசத்துல வயிறே சொல்லிரும்."

சண்முகவடிவு கொழுந்தைக் கிள்ளி முதுகுக் கூடைக்குள் எறிந்தாள். பாதி வெளியே விழுந்தது.

*

அந்த வெள்ளிக்கிழமை ஜெயந்தினி வேலைக்கு வரவில்லை. காய்ச்சல் காலையிலேயே ஏறிவிட்டது. விஜிதரன் தொழிற்சாலையில். சண்முகவடிவு அரை நாளோடு திரும்பி வந்து மருமகளுக்குக் கஞ்சி கொடுத்தாள். இரண்டு வாய் குடித்துவிட்டு அவள் வாந்தி எடுத்தாள். துடைத்துப் படுக்க வைத்துவிட்டு, சாமிக்கு விளக்காவது வைப்போம் என்று, எண்ணெய்ப் பிசுக்கேறிய விளக்கை எடுத்துக்கொண்டு பீலிக்குப் போனாள்.

மலையிலிருந்து குழாயில் இறங்கும் நீர் அங்கே ஒரு சின்னத் தொட்டியில் விழும். லயத்துக்கே அதுதான் பாத்திரம் கழுவுமிடம். பேசினில் நீர் பிடித்து விளக்கை அதில் அமிழ்த்தினாள். அடியில் கிடந்த நல்லெண்ணெய் கழன்று மேலே வந்து, வட்டமாக நின்றது. மோதிரம் மாதிரி, அழகாக.

அதைப் பார்த்தபடியே அவள் சவுக்காரம் தேய்த்து நுரை கட்டிய கையை நீருக்குள் விட்டாள்.

வட்டம் பட்டென்று சிதறியது. பொட்டுப் பொட்டாகப் பிரிந்தது. பேசின் முழுக்கச் சல்லடைக் கண்.

சண்முகவடிவு பேசினைக் கவிழ்த்துவிட்டுப் புதிதாக நீர் பிடித்தாள். விளக்கில் ஒட்டியிருந்த எண்ணெயை விரலால் வழித்து ஒரு சொட்டு விட்டாள். வட்டம். சவுக்காரக் கட்டியின் முனையால் நீரைத் தொட்டாள். சல்லடை.

அந்தப் போத்தல்!

வைத்தியர் வீட்டுக்கு நாற்றத்தோடு கொண்டுபோனால் மரியாதை இல்லை என்று, அதற்குள் சவுக்காரத்தைச் சீவிப் போட்டு, கொதிநீர் ஊற்றிக் குலுக்கு குலுக்கென்று குலுக்கியவள் அவள்தான். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று ஒரே ஒரு தரம் அலசி, மூடியை முறுக்கியவளும் அவள்தான். வைத்தியர் கிண்ணத்து ஓரத்து நுரையை அத்தனை நேரம் பார்த்தது இப்போது நினைவுக்கு வந்தது. அத்தோடு, காதில் ஏறாமல் எங்கோ தங்கியிருந்த அவருடைய வார்த்தையும் வந்தது. புள்ளய நேர்ல கூட்டிட்டு வா. தாமதிக்காத.

விளக்கைப் பீலியிலேயே போட்டுவிட்டு ஓடினாள். அவள் ஓடி லயத்தில் யாரும் பார்த்ததில்லை.

உள்ளே ஜெயந்தினி இரண்டு கம்பளிக்குள்ளும் பல் கிட்டி நடுங்கிக்கொண்டிருந்தாள். நெற்றி தீயாகக் கொதித்தது.

"எந்திரி புள்ள. எந்திரிம்மா. ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

"அவரு வரட்டும் மாமி..."

"வேண்டாம். நான் இருக்கேன்ல? வா."

சந்தியில் கடை வைத்திருக்கும் இக்ராமின் தம்பி ரிஸ்கானுடைய ஆட்டோ வந்தது. வளைவு வளைவாக இறங்கிய அந்த வழி முழுக்க, குலுங்கும் உடம்பைத் தன் மார்போடு சாய்த்துப் பிடித்திருந்தாள் சண்முகவடிவு. "மெதுவாப் போகவா மாமி, ரோட்டு மோசம்," என்று ரிஸ்கான் கேட்டான். "மெதுவும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். போய்யா தம்பி, போ," என்றாள்.

*

வார்டில் இருந்த டொக்டர் இளம் வயதுக்காரி. சிங்களப் பெண். தமிழைத் தேடித் தேடிப் பேசினாள். முதுகின் இரண்டு பக்கமும் தட்டிப் பார்த்தபோது ஜெயந்தினி கத்திவிட்டாள்.

"கிருமி கிட்னிக்கு ஏறி இருக்கு அம்மா. ஏன் இவ்வளவு லேட்?"

சண்முகவடிவு தலை குனிந்தாள்.

"இன்னும் லேட்டானா ரத்தத்துல கலக்கும். இப்ப ஊசி போடுறோம். நல்லாகும். சுகப்படுத்த ஏலும்." டொக்டர் ஜெயந்தினி பக்கம் குனிந்தாள். "ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிக்கிறது? சலம் போக வந்தா அடக்குறதா?"

ஜெயந்தினியின் கண்கள் ஒருமுறை மாமியாரிடம் போய்த் திரும்பின. "எனக்குத் தண்ணி தாகமே எடுக்காது மிஸ்," என்றாள்.

அந்தக் காய்ச்சலிலும் அந்தப் பிள்ளை மாமியாரைக் காட்டிக்கொடுக்கவில்லை.

"பொய் மிஸ்," என்றாள் சண்முகவடிவு. "காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் குடிக்க மாட்டா. போகவும் மாட்டா. மலையில எடம் கெடையாது. நான்தான் அப்படிப் பழக்குனது."

டொக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "தோட்டத்துல இருந்து வர்ற எல்லாப் பொம்பளையும் இதான் சொல்றது," என்றாள். கோபமாகச் சொன்ன மாதிரி இல்லை. களைப்பாகச் சொன்ன மாதிரி இருந்தது.

விஜிதரன் தொழிற்சாலை உடுப்போடு, தலைமயிரெல்லாம் தேயிலைத் தூளோடு ஓடி வந்தான். எதுவும் கேட்காமல் மனைவியின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு கட்டிலின் கால்மாட்டில் நின்றான். நர்ஸ் வந்து வெளியே போகச் சொல்லும் வரைக்கும் விடவில்லை.

காய்ச்சல் விட இரண்டு மூன்று நாள் ஆனது. ஒரு காலையில் ஜெயந்தினி எழுந்து உட்கார்ந்து, பசிக்கிறது என்றாள். சண்முகவடிவு கொண்டுவந்த இடியப்பத்தைப் பிசைந்து ஊட்டியபடி, போத்தல், சவுக்காரம், சல்லடை எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னாள்.

ஜெயந்தினி மெல்லுவதை நிறுத்தினாள்.

"நான் செத்துருவேன்னு நெனச்சீங்களா மாமி?"

"ஆமா புள்ள."

"அதான் முட்டை பொரிச்சுக் குடுத்தீங்களா?"

சண்முகவடிவு இடியப்பத்தைப் பிசைந்துகொண்டே தலையாட்டினாள்.

"நான் உங்களுக்கு என்னைப் புடிச்சுப்போச்சுன்னு நெனச்சேன்." அவள் சிரிக்க முயன்றாள். உதடு கோணியது. "இப்பத்தான் பொழைச்சிட்டேனே. இனி முட்டை கெடையாதா?"

"வாய மூடு," என்று சொல்லிவிட்டு, சண்முகவடிவு இடியப்பக் கையோடேயே அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். பக்கத்துக் கட்டில்காரி என்னவோ ஏதோ என்று எழுந்து உட்கார்ந்தாள்.

*

வீட்டுக்கு வந்த பிறகு ஒருநாள் மருமகளையும் அழைத்துக்கொண்டு வைத்தியர் வீட்டுக்குப் போனாள். கோபித்துக்கொள்ளப் போகவில்லை. அந்த வீட்டுக்கு இனி யாராவது அப்படி ஒரு போத்தலைக் கொண்டுவந்துவிடக் கூடாதே என்று போனாள்.

ஆண்டியப்பன் முழுவதும் கேட்டார். தானே எழுந்து கிண்ணத்தில் நீர் எடுத்து, எண்ணெய் விட்டு, சவுக்காரம் கரைத்து ஒரு சொட்டுச் சேர்த்துப் பார்த்தார். சிதறியதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"இதை எழுதினவங்க காலத்துல சவுக்காரம் ஏது தாயி?" என்றார் கடைசியில். "கண்ணாடிப் பாத்திரம்னு சொன்னாங்க. காலை நீர்னு சொன்னாங்க. வெயில்ல வைக்கணும், ஆட்டக் கூடாதுன்னெல்லாம் சொன்னாங்க. இதைச் சொல்லல. நுரையைப் பாத்த நான் கேட்டிருக்கணும்." ஜெயந்தினியின் மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து நாடி பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். "நல்லா இருக்கு. ஆஸ்பத்திரி மாத்திரையை முழுசா முடிச்சிரு, நடுவுல விட்டுறாத. நான் மருந்து தரமாட்டேன். தண்ணி குடி."

*

மழை விட்ட ஒரு திங்கட்கிழமை ஜெயந்தினி மறுபடி மலைக்கு வந்தாள். வேண்டாம் என்று விஜிதரனும் சொன்னான், சண்முகவடிவும் சொன்னாள். வீட்டில் உட்கார்ந்தால் பைத்தியம் பிடிக்கும் என்று வந்துவிட்டாள். சண்முகவடிவின் தோளில் வழக்கமான கொழுந்துக் கூடையோடு ஒரு துணிப்பையும் தொங்கியது. அதற்குள் இரண்டு போத்தல் கொதித்தாறிய நீர்.

வெயில் ஏறும் நேரத்தில் அவள் ஒரு போத்தலை நீட்டினாள். "குடி."

"மாமி, இங்கயா..."

"குடிங்கிறேன்ல."

ஜெயந்தினி குடித்தாள். தேயிலை நிரையின் இரு பக்கமும் கைகள் நின்றுவிட்டன. பெண்கள் பார்த்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து அவள் முகம் மாறியதை சண்முகவடிவு கண்டுகொண்டாள். கூடையை இறக்கி வைத்தாள்.

"வா."

நிரையின் ஓரத்தில் ஓடைப் பக்கமாக ஒரு பள்ளம் இருந்தது. மேலே ரோட்டிலிருந்து பார்த்தால் தெரியும். அதனால்தான் யாரும் அங்கே போவதில்லை. சண்முகவடிவு, சேலை நனையாமல் இடுப்பைச் சுற்றிக் கட்டியிருந்த படங்கை அவிழ்த்தாள். கெட்டியான பிளாஸ்டிக் விரிப்பு, ஆளுயரத்துக்குப் பாதி வரும். அதை இரண்டு கையாலும் அகலமாகப் பிடித்து, ரோட்டைப் பார்த்தபடி சுவர் மாதிரி நின்றாள்.

"அக்கா, என்னக்கா இது கூத்து?" என்று ஜீவராணி சிரித்தாள். யாரும் கூடச் சிரிக்கவில்லை. அவளுடைய சிரிப்பும் பாதியில் நின்றது. அவள் தன் கூடையையும் இறக்கினாள். தன் படங்கையும் அவிழ்த்துக்கொண்டு வந்து, திறந்து கிடந்த பக்கத்தில் பிடித்தாள்.

மேலிருந்து கங்காணி கத்தினார். "வடிவு! அங்க என்ன கூட்டம்? கொழுந்து நிக்குது!"

"கொழுந்து எங்கயும் ஓடாதுங்க கங்காணி," என்று சண்முகவடிவு திருப்பிக் கத்தினாள். "நீங்க கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க!"

அந்த மனிதர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். வரிசையாகத் தன்னையே பார்த்துக்கொண்டிருந்த பெண்களைப் பார்த்தார். பிறகு தொப்பியைச் சரிசெய்துகொண்டு, மெல்ல அந்தப் பக்கம் திரும்பி நின்றார்.

ஜெயந்தினி சேலையைச் சரிசெய்துகொண்டு எழுந்து வந்தாள். காது வரைக்கும் சிவந்திருந்தது. ஆனாலும் மூச்சை நன்றாக இழுத்து விட்டாள்.

சண்முகவடிவு படங்கை மடிக்கவில்லை. ஒரு கையால் அதை மருமகளிடம் கொடுத்துவிட்டு, மறு கையால் துணிப்பையைத் திறந்து இரண்டாவது போத்தலை எடுத்தாள். இத்தனை வருடத்தில் மலையில் நின்று அவள் தொண்டையை நனைத்ததுண்டு. வயிறு நிறையக் குடித்ததில்லை. அண்ணாந்து, கழுத்தோரம் வழிய வழிய, மடக் மடக்கென்று குடித்தாள்.

"நல்லா அகலமாப் புடி புள்ள," என்றாள், வாயைத் துடைத்துக்கொண்டே. "இன்னும் செத்த நேரத்துல நான் போகணும்."